தொட்டேளா மேடம்

அவங்க பேரை நான் சொல்லப் போறதில்ல. கேஸ் காயிதத்துல எத்தினி வாட்டி எழுதினாங்களோ, அந்தப் பேருக்கு அதோட போதும். குவாரியில நாங்க அவங்களுக்கு வெச்ச பேரு தொட்டேளா மேடம். அவங்க காதுல விழாம தான் சொல்லுவோம். ஒரு நாள் விழுந்துடுச்சி. "நன்னாத்தான் இருக்கு"ன்னு சிரிச்சிக்கினே மேல ஏறிப் போய்ட்டாங்க.

தெனம் திருப்பதியிலருந்து பஸ்ஸு. வடமாலபேட்டை, புத்தூரு தாண்டி பிச்சாட்டூர்ல எறங்கி, அங்கருந்து ஆட்டோ. எட்டு மணிக்கெல்லாம் கேட்டுல இருப்பாங்க. சுடிதாரு, காலுக்குப் பொருந்தாத பெரிய ஷூ, மஞ்சா ஹெல்மெட்டு, தோள்ல ஒரு துணிப்பை. பைக்குள்ள ஒரு ஸ்டீல் டேப்பு, ஒரு நோட்டு, வூட்லருந்து கட்டிக்கினு வந்த புளியோதரை. அவங்க நைனா கோயில் மடப்பள்ளியில வேலை செய்யறவரு. அப்படிப்பட்ட வூட்டுப் பொண்ணு கல்லு ஒடைக்கற எடத்துக்கு இன்னாத்துக்கு வந்துச்சின்னு எங்களுக்கெல்லாம் ஒரே ஆச்சரியம். சுரங்கத்துல சர்வேயர் வேலைக்குப் படிச்சி, பரிச்சை எழுதி, சர்டிபிகேட்டு வாங்கிக்கினு வந்தவங்க.

நான் பொக்லைன் ஓட்டறவன். சொந்த ஊரு நகரி. நைனா பவர்லூம்லயே காலம் தள்ளினாரு. எனக்கு அந்தத் தடதட சத்தம் ஆவல, அதை விட்டுட்டு அதை விடப் பெரிய சத்தத்துக்கு வந்து சேர்ந்தேன். கோவக்காரன் நானு. சூப்பர்வைசரு, டிப்பர்காரன் எவனா இருந்தாலும் ஒண்ணுக்கு ரெண்டா திருப்பிக் குடுத்துடுவேன். மேடம்கிட்ட மட்டும் அந்த வாய் வந்ததில்ல. வயசுல என்னை விட சின்னவங்க தான். ஆனா அண்ணான்னு கூப்புடுவாங்க. அந்த அண்ணாவுல ஒரு மரியாதை இருக்கும், அதுக்கு எதிர்ல எப்படிக் கத்தறது?

எங்களுது ஜல்லிக்குக் கல்லெடுக்கற குவாரி. படி படியா வெட்டிக்கினே கீழ போவாங்க. ஒவ்வொரு படிக்கும் பெஞ்சுன்னு பேரு. மூணு பக்கம் நல்ல கெட்டிக் கல்லு. வடக்குப் பக்கத்துச் சுவரு மட்டும் வேற ஜாதி. தலையில ஆள் ஒசரத்துக்கு மொறம்பு மண்ணு. அதுக்குக் கீழ கல்லு தட்டுத் தட்டா பொளந்து, பள்ளத்தைப் பாத்து சாய்ஞ்சிக்கினு இருக்கும். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல களிமண்ணு. மழைத்தண்ணி உள்ள எறங்கிச்சின்னா மேல் தட்டு வழுக்கிக்கினு வரும்னு மேடம் சொல்லுவாங்க. சுவரோட உச்சியில, விளிம்புலருந்து பத்தடி உள்ள தள்ளி, தரையில நீளமா ஒரு விரிசல். வேலைக்கு வந்த மொத வாரமே அதைக் கண்டுபுடிச்சிட்டாங்க. நாங்க ரெண்டு வருஷமா ஒண்ணுக்குப் போவ அதைத் தாண்டித் தாண்டித் தான் போய்க்கினு இருந்தோம்.

விரிசலுக்கு அந்தப் பக்கம் ஒரு இரும்பு முளை, இந்தப் பக்கம் ஒரு இரும்பு முளை அடிச்சாங்க. இப்படி மூணு எடத்துல மூணு ஜோடி. ரெண்டு முளைக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு தெனம் டேப்பு வெச்சி அளப்பாங்க. தூரம் ஏறிச்சின்னா விரிசல் வாயைத் தொறக்குதுன்னு அர்த்தம். மொத நாள் அளவுலருந்து எண்பது மில்லி ஏறிச்சின்னா வடக்குச் சுவருக்குக் கீழ ஒரு ஆளும் நிக்கக் கூடாது. அதைத் தெலுங்குல எழுதி ஷெட்டுல ஒட்டி வெச்சாங்க. ஓனரும் அதுல கையெழுத்துப் போட்டாரு. சுவத்துல தண்ணி கசியற எடத்துல ஒரு பாட்டிலைக் கட்டித் தொங்க விட்டு, அது ரொம்பறதுக்கு எத்தினி நிமிஷம் ஆவுதுன்னு வாட்ச்சைப் பாத்துக்கினு நிப்பாங்க. மழையே இல்லாத நாள்ல பாட்டில் சீக்கிரம் ரொம்பிடிச்சின்னா அன்னிக்கி புளியோதரை எறங்காது அவங்களுக்கு.

ஒவ்வொரு அளவும் மூணு வாட்டி. ஒரு வாட்டி அளந்து எழுதிக்குவாங்க, டேப்பைச் சுருட்டிடுவாங்க, மறுபடி இழுத்து அளப்பாங்க, எழுதுவாங்க, மறுபடியும். குமாருன்னு ஒருத்தன், கம்ப்ரசர் வெச்சி கல்லுல ஓட்டை போடற டிரில்லரு, என் சிநேகிதன். அவன் ஒரு நாள் கேட்டே புட்டான். "இன்னா மேடம், மொத வாட்டிக்கும் ரெண்டாவது வாட்டிக்கும் நடுவுல வளர்ந்துடுமா?"

மேடம் கோச்சிக்கல. "கல்லுக்கு வாய் இல்லையேண்ணா. அதான் மூணு தடவை கேக்கறேன். உங்களுக்கெல்லாம் வாய் இருக்கு. ஒரு தடவை கேட்டா போறும்."

சொன்னது மாதிரியே தான் நடந்துக்குவாங்க. அளந்து முடிச்சி கீழ எறங்கி வந்து, "யாராவது முளையைத் தொட்டேளா?"ன்னு ஒரே ஒரு வாட்டி கேப்பாங்க. இல்லன்னு சொன்னா நோட்டுல இல்லைன்னு எழுதிக்குவாங்க. அவ்ளோ தான். மூஞ்சியைக் கூட நிமிர்ந்து பாக்க மாட்டாங்க.

எங்களுக்கு அது கிண்டலா தான் இருந்துச்சி. எவன் எது சொன்னாலும் நம்பற ஆளு உலகத்துல உண்டா? புத்தூர் பஸ் ஸ்டாண்டுல மாங்கா சீசன்ல ஒரு கெழவன் கூடை வெச்சிக்கினு ஒக்காந்திருப்பான். இனிப்பான்னு கேப்பாங்க, தேனும்மான்னு சொல்லுவான், எங்களுக்கும் சேர்த்து வாங்கிக்கினு வருவாங்க. கடிச்சா பல்லு கூசும். மறுநாளும் அவன்கிட்டயே வாங்குவாங்க. நான் பொறுக்க முடியாம, அவன் உங்களை ஏமாத்தறான் மேடம்னேன். "அவர் என்ன மரத்துல ஏறி கடிச்சுப் பாத்தாரா? அவர்கிட்ட யாரோ இனிப்புன்னு சொல்லியிருப்பா, நம்பிட்டார்"ன்னாங்க. நானும் குமாரும் அந்த மாங்காயை உப்பு மொளவாத்தூள் போட்டுத் துன்னோம்.

ஆனா ஒண்ணு. அப்படி நம்பி நம்பியே அந்தக் குவாரியையே மாத்திப்புட்டாங்க. வாச்மேன் ஒருத்தன், குடிகாரன், வாயைத் தொறந்தா பொய்யி. விரிசல் மேல மேடம் சிமெண்டு வெச்சி ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வெச்சிருந்தாங்க. மண்ணு அசைஞ்சா கண்ணாடி ஒடைஞ்சிடும், அது ஒரு அடையாளம். ஒரு நாள் கண்ணாடி ஒடைஞ்சி கெடந்துச்சி. மேடம் மூஞ்சி வெளிறிப் போச்சி. வாச்மேன் தானா வந்து, நான் தாம்மா மிதிச்சிட்டேன்னு தலையைச் சொறிஞ்சிக்கினு நின்னான். எங்களுக்கெல்லாம் நம்பவே முடியல. அவன் பொண்டாட்டிகிட்ட கூட உண்மை சொன்னதில்ல. மேடம் அவனுக்கு நன்றி சொல்லிட்டு புதுக் கண்ணாடி ஒட்டினாங்க.

அந்தக் குவாரியில அவங்ககிட்ட பொய் சொன்னவன் ஒருத்தன் தான். அதை எழுதத் தான் இவ்ளோ சுத்தி வளைக்கறேன்.

அதுக்கு முன்னால டிப்பர் கதையைச் சொல்லிடணும். ஆடி மாசம் ஒரு டிப்பர் டிரைவரு மேல ரிவர்ஸ் எடுக்கும்போது முளை ஒண்ணை இடிச்சி சாய்ச்சிட்டான். மேடம் கேட்டதும் ஒத்துக்கினான். திட்டுன்னு ஒரு வார்த்தை இல்ல. ஆனா புது முளை அடிச்சி, பழைய கணக்கோட சேர்ற வரிக்கும் ரெண்டு நாள் வடக்குச் சுவருக்குக் கீழ வேலையை நிறுத்திட்டாங்க. ஓனரு வந்தாரு. எங்க எல்லாரு எதிர்லயும், "ஏமம்மா, கொலவடானிகி வச்சாவா, பனி ஆபடானிகி வச்சாவா?"ன்னு கத்தினாரு. அளக்க வந்தியா, வேலையை நிறுத்த வந்தியான்னு. இன்னொரு வாட்டி நிறுத்தினா வூட்டுக்குப் போய்டுன்னாரு. மேடம் நோட்டைப் பாத்துக்கினே நின்னாங்க. ஒரு சொட்டுக் கண்ணீரு நோட்டு மேல விழுந்துச்சி, தொடச்சிட்டு அது மேலயே எழுதினாங்க. எனக்கு பொக்லைன் பக்கெட்டால அந்த ஆளைத் தூக்கி வீசலாம்னு இருந்துச்சி.

புரட்டாசி வந்துச்சி. திருமலையில பிரம்மோற்சவம், மடப்பள்ளியில நைனாவுக்கு மூச்சு விட நேரம் இல்ல, வூட்ல கொலு, அம்மாவால தனியா ஆவாதுன்னு மேடம் நாலு நாள் லீவு கேட்டாங்க. புதன்கிழமை சாயங்காலம் கடைசியா அளந்தாங்க. நடு ஜோடி முளையில மொத்தம் நாப்பத்தேழு மில்லி ஏறியிருந்துச்சி. நான் வர்ற வரைக்கும் மேல யாரும் போக வேண்டாம்ணா, பாத்துக்கோங்கோன்னு என்கிட்ட தான் சொல்லிட்டுப் போனாங்க. வியாழக்கிழமை நல்ல மழை. வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை.

ஆயுத பூஜைன்னா எங்களுக்குத் தீவாளியை விடப் பெருசு. ஒரு ஸ்பானர் கூட விடாம கழுவி, மஞ்சா தடவி, குங்குமம் வெச்சி சாமி எதிர்ல வைப்போம். பொக்லைனைக் கழுவி வாழை மரம் கட்டினேன். கடப்பாரை, சம்மட்டி, கம்ப்ரசரு, ட்ரில்லு கம்பி எல்லாம் வரிசையா வெச்சாச்சி. அப்போ தான் குமாரு கேட்டான், மேடமோட ஆயுதம் எங்கடான்னு.

நல்ல எண்ணத்துல தான் கேட்டான். அந்த நாலஞ்சி மாசத்துல அவங்க எங்க வூட்டுப் பொண்ணு மாதிரி ஆயிட்டாங்க. எல்லாரு சாமானும் சாமிகிட்ட இருக்குது, அவங்க அடிச்ச முளை மட்டும் மேல மழையில நனைஞ்சிக்கினு இருக்குதேன்னு எனக்கும் பட்டுச்சி. மேல போவ வேணாம்னு சொல்லியிருக்காங்களேன்னு ஒரு நெனப்பு வந்துச்சி தான். சாமி காரியத்துக்கு இன்னா ஆவப்போவுதுன்னு ஏறிட்டோம். அங்கியே வெச்சி கழுவி பொட்டு வெச்சிட்டு வரலாம்னு தான் போனது. ஓரத்து ரெண்டு ஜோடியையும் அப்படித்தான் செஞ்சோம். நடு ஜோடியில விளிம்புப் பக்கத்து முளை, குமாரு தொடைக்கப் புடிச்சதும் ஈர மண்ணுலருந்து கையோட வந்துடுச்சி.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கினோம். அப்பால குமாரு சிரிச்சிட்டான். வந்தது வந்துடுச்சி, கீழ எடுத்துக்கினு போய் சாமிகிட்டயே வெச்சிடலாம்டான்னான். எடுத்துக்கினு வந்தோம். மஞ்சா தடவி, சரியா நடுவுல வெச்சி, கற்பூரம் காட்டி, பூசணிக்கா ஒடைச்சோம். சாயங்காலம் திருப்பி எடுத்துக்கினு போனா பழைய ஓட்டை சேறா கொழைஞ்சி கெடக்குது. முளை நிக்க மாட்டேங்குது. ரெண்டு விரக்கடை உள்ள, விரிசல் பக்கமா தள்ளி கெட்டி மண்ணு இருந்துச்சி. அங்க வெச்சி நான் தான் சம்மட்டியால அடிச்சேன். முன்ன விட நேரா, அழகா நின்னுச்சி. நல்ல வேலை செஞ்சதா தான் நெனச்சேன்.

திங்கக்கிழமை மேடம் வந்தாங்க. லட்டு குடுத்தாங்க எல்லாருக்கும். மேல ஏறினாங்க. மேல நின்னு முளையில இருந்த குங்குமத்தைப் பாத்து சிரிச்சது கீழருந்து எனக்குத் தெரிஞ்சிச்சி. அப்பால டேப்பை இழுத்தாங்க. வழக்கமா மூணு வாட்டி, அன்னிக்கி ஆறு வாட்டி அளந்தாங்க. எறங்கி நேரா என்கிட்ட வந்தாங்க.

"அண்ணா, பொட்டு வெச்சது நீங்கதானே? முளையைப் பிடுங்கினேளா?"

ஆமான்னு ஒரு வார்த்தை. ரெண்டே எழுத்து. ஆனா ஆமான்னா மறுபடி ரெண்டு நாள் நிறுத்துவாங்க, அந்த ஆளு வந்து கத்துவான், இவங்களை வூட்டுக்கு அனுப்பிடுவான். அவங்களுக்காகத் தான் பொய் சொன்னேன்னு ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கினு இருந்தேன். அதுவும் பொய்யி தான். நான் வர்ற வரிக்கும் பாத்துக்கோங்கோன்னு என்கிட்ட விட்டுட்டுப் போனாங்க இல்ல, அவங்க எதிர்ல தலை குனிய எனக்கு மனசு வரல. அவ்ளோ தான் விசயம்.

"இல்ல மேடம். அங்கியே வெச்சி கழுவினோம்."

பக்கத்துல குமாரு நின்னுக்கினு இருந்தான். என் மூஞ்சியைப் பாத்துட்டு தரையைப் பாத்தான். மேடம் நோட்டுல இல்லைன்னு எழுதினாங்க. பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டாங்க. "ஓரத்து ஜோடி ரெண்டும் பெருசாயிருக்கு. நடுவுது மட்டும் நாப்பத்தேழுலேர்ந்து நாப்பத்தொண்ணா கொறைஞ்சிருக்கே, பாறை மொத்தமா திரும்பறதோ என்னமோ"ன்னு தனக்குத் தானே பேசிக்கினு போனாங்க. என் வார்த்தையை நம்பிட்டு கல்லு மேல சந்தேகப்பட்டாங்க. படிச்சவங்க, விசயம் தெரிஞ்சவங்க. என்னால தான் அப்படி யோசிக்க வேண்டியதா போச்சி.

அப்பால தெனம் ஏறிக்கினே போச்சி அளவு. செவ்வா நாப்பத்திமூணு, புதன் நாப்பத்தாறு, அப்படியே. சனிக்கிழமை ஐம்பத்தேழு. ஏற ஏற வேகமும் ஜாஸ்தியாச்சி. பாட்டில் முன்ன ஆன நேரத்துல பாதியிலயே ரொம்பிச்சி. மேடம் ஓனருக்கு போன் பண்ணி இப்போவே நிறுத்திடலாம்னாங்க. நீ தானே எண்பதுன்னு எழுதிக் குடுத்தே, நான் கையெழுத்துப் போட்டேனே, எண்பது ஆவட்டும்னுட்டாரு அவரு. அவங்க எழுதின எழுத்தே அவங்க வாயை அடைச்சிடுச்சி.

அடுத்த செவ்வாக்கிழமை காலையில எழுபத்தொண்ணு. மத்தியானம் ரெண்டு மணிக்கு மறுபடி அளக்கறேன், எழுபத்தஞ்சு தாண்டியிருந்தா எவரையும் கேக்காம நானே எல்லாரையும் வெளியில அனுப்பிடுவேன்னு சொல்லிட்டு ஷெட்டுக்குப் போனாங்க. பதினொன்றரை மணி இருக்கும். நான் தெக்குப் பக்கம் டிப்பருக்குக் கல்லு வாரிக்கினு இருந்தேன். வடக்குச் சுவருலருந்து மொதல்ல பொடிக் கல்லு உதிர்ந்துச்சி, அரிசி கொட்டற மாதிரி. அடுத்தது மேல் தட்டு அப்படியே எறங்கி வந்துச்சி. ரெண்டாவது பெஞ்சுல குமாரு ட்ரில்லைப் புடிச்சிக்கினு இருந்தான். கம்ப்ரசர் சத்தத்துல அவனுக்கு ஒண்ணும் கேட்டிருக்காது.

மேடம் ஷெட்டுலருந்து "குமார் அண்ணா"ன்னு கத்திக்கினே ஓடி வந்தாங்க. செருப்பு கூட இல்ல, அந்தப் பெரிய ஷூவைக் கழட்டி வெச்சிட்டு எழுதிக்கினு இருந்திருக்காங்க. நான் பொக்லைனை வெச்சி பெரிய கல்லெல்லாம் ஒதுக்கினேன். அப்பால பக்கெட்டு அவன் மேல பட்டுடுமோன்னு எறங்கி கையால தோண்டினேன். சாயங்காலம் ஆச்சி அவன் கெடைக்க. அவன் பொண்டாட்டி நாகலாபுரத்துலருந்து வந்து சேர்ந்தப்போ அவன் மூஞ்சியைக் கழுவி வெச்சிருந்தோம்.

விசாரணைக்கு வெளியிலருந்து ஒரு ஆபீசரு வந்தாரு. ஷெட்டுல டேபிள் போட்டு எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சிக் கேட்டாரு. மேடம் நோட்டை ஒவ்வொரு பக்கமா திருப்பினவரு திங்கக்கிழமை பக்கத்துல நின்னுட்டாரு. மழை பெய்ஞ்ச நாலு நாள்ல விரிசல் எப்படிம்மா சின்னதாவும், முளையை யாராவது மாத்தியிருப்பாங்கன்னு உங்களுக்குத் தோணவே இல்லியான்னு தெலுங்குல கேட்டாரு. குரல் ஒண்ணும் கெட்ட குரல் இல்ல. நிஜமாவே தெரிஞ்சிக்கத் தான் கேட்டாரு.

மேடம் சொன்னாங்க, அதுவும் தெலுங்குல தான். "பொக்லைன் ஓட்டற அண்ணாவைக் கேட்டேன் சார். தொடலைன்னு சொன்னார். அவர் என்கிட்ட பொய் சொல்ல மாட்டார்."

நான் நாலடி தள்ளி நின்னுக்கினு இருந்தேன். என் பக்கம் திரும்பிக் கூட அவங்க பாக்கல. அவரு என்னைப் பாத்து, நிஜமான்னாரு. தலையை ஆட்டினேன். வாய் கூடத் தொறக்கல, தலையைத் தான் ஆட்டினேன். உண்மை தெரிஞ்ச இன்னொருத்தன் பொதைஞ்சி மூணு நாள் ஆயிருந்துச்சி.

சர்வேயர் அளந்ததுல தப்பு, சந்தேகம் வந்தும் சரி பாக்கலன்னு எழுதிட்டாங்க. சர்டிபிகேட்டு போச்சி. கடைசி நாள் ஹெல்மெட்டை ஷெட்டு ஆணியில மாட்டிட்டு, நோட்டையும் டேப்பையும் பையில போட்டுக்கினு கேட்டாண்ட வந்தாங்க. குமாரு என் சிநேகிதன்னு தெரியும் இல்ல, அதுக்காகத் தான் என்கிட்ட நின்னாங்க. "மனசுல வெச்சுக்காதீங்கோண்ணா. நீங்க எல்லாம் சரியாத்தான் சொன்னேள். என் டேப்புதான் எங்கியோ தப்பிடுத்து"ன்னாங்க. ஆட்டோ ஏறிப் போய்ட்டாங்க. அன்னிக்கி வூட்டுக்கு வந்து சோறு துன்ன ஒக்காந்தேன், கை வாய்க்குப் போவல. நைனா இன்னாடான்னாரு. ஒடம்பு சரியில்லன்னேன்.

மூணு வருசம் ஆச்சி. குவாரியை விட்டுட்டேன். வடமாலபேட்டை பக்கம் ரோடு வேலைக்கு மிஷின் ஓட்டறேன். அந்த ரோட்டுல போற திருப்பதி பஸ்ஸை எண்ணிக்கினு ஒக்காந்திருக்கேன். ரெண்டு வாட்டி ஏறி, திருச்சானூர் தாண்டறதுக்குள்ள எறங்கித் திரும்பியிருக்கேன். போன ஆயுத பூஜைக்கு மிஷினைக் கழுவிட்டேன், மஞ்சா தடவிட்டேன். குங்குமத்தை வெரல்ல எடுத்தேன். வெரலைப் பாத்தேன். அந்தக் குங்குமத்தை அப்படியே துண்டுல தொடச்சிட்டு பஸ் ஏறிட்டேன்.

கேஸ் காயிதத்துல அட்ரஸ் இருந்துச்சி. சின்ன சந்து, பழைய வூடு. வெளிய ஒரு அட்டையில கணக்கு ட்யூஷன்னு எழுதியிருந்துச்சி. அவங்க நைனா திருமலையில. அம்மாவும் அவங்களும் தான். எளைச்சிப் போயிருந்தாங்க. என்னைப் பாத்ததும், "வாங்கோண்ணா, சுண்டல் சாப்பிடுங்கோ"ன்னாங்க. மூணு வருசத்துக்கு அப்பாலயும் அதே அண்ணா. கொலுவுக்குப் பக்கத்துல பலகை போட்டு, பட்டுத்துணி விரிச்சி, புஸ்தகமெல்லாம் அடுக்கி பூஜையில வெச்சிருந்தாங்க. எல்லாத்துக்கும் மேல அந்த நோட்டு. அது மேல சந்தனம் வெச்ச ஸ்டீல் டேப்பு.

நின்னுக்கினே சொல்லிட்டேன். ஒக்காந்தா சொல்ல மாட்டேன்னு தெரியும். முளை கையோட வந்தது, சாமிகிட்ட வெச்சது, பழைய ஓட்டை சேறானது, நான் சம்மட்டியால அடிச்சது, அப்பால இல்லன்னு சொன்னது. ஆபீசர் எதிர்ல தலையை ஆட்டினது. அம்மா கையில சுண்டல் கிண்ணத்தோட அப்படியே நின்னுட்டாங்க.

என்னை அடிப்பாங்க, வெளிய போடான்னுவாங்கன்னு நெனச்சேன். அதுக்குத் தான் போனேன்னு கூட சொல்லலாம்.

"எவ்ளோ தள்ளி அடிச்சேள்?"ன்னாங்க.

ரெண்டு வெரலை சேர்த்துக் காட்டினேன். அவங்க நேரா பலகைகிட்ட போய் நோட்டையும் டேப்பையும் எடுத்தாங்க. இன்னிக்கு எடுக்கக் கூடாதேடின்னு அம்மா சொன்னது அவங்க காதுல விழல. நோட்டைத் தரையில விரிச்சாங்க. அந்தத் திங்கக்கிழமை பக்கம் தானா தொறந்துச்சி, அவ்ளோ வாட்டி பாத்திருக்காங்க. கேள்விக்குறி அப்படியே இருந்துச்சி. என் கையைப் புடிச்சி வெரல் மேல டேப்பை வெச்சாங்க. டேப்புல சந்தனம் ஈரமா இருந்துச்சி. முப்பத்தாறுன்னு எழுதினாங்க. நாப்பத்தொண்ணோட கூட்டினாங்க. அதுக்குக் கீழ செவ்வா, அதுக்குக் கீழ புதன். புதன்கிழமைக்கு நேரா பென்சில் நின்னுடுச்சி. நாப்பத்தாறும் முப்பத்தாறும் எண்பத்திரெண்டு.

"புதன்கிழமையே நிறுத்தியிருப்பேன்"ன்னாங்க.

குமாரு செத்தது அதுக்கடுத்த செவ்வாக்கிழமை. ஆறு நாள். அழுதுடுவாங்கன்னு பாத்தேன், அழல. நான் தான் அழுதேன், அந்தக் கொலு எதிர்ல, சின்னப் பையன் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கினு. உங்க டேப்பு தப்பல மேடம், ஒரு நாளும் தப்பலன்னு சொன்னேன். எங்க வேணா வந்து எழுதிக் குடுக்கறேன், ஜெயிலுக்குப் போறேன்னேன். அவங்க பென்சிலை வெச்சிட்டு தலையை நிமிர்த்தி என் மூஞ்சியைப் பாத்தாங்க. முன்ன ஒரு நாளும் அப்படி என்னைப் பாத்ததில்ல.

"ரெண்டு விரல்தானா?"

"ஆமா மேடம்."

எழுதிக்கினாங்க. டேப்பைச் சுருட்டினாங்க. மறுபடி இழுத்து என் வெரல் மேல வெச்சாங்க.

"நிஜமா ரெண்டு விரல்தானா?"

அப்போ தான் எனக்குப் புரிஞ்சிச்சி, அந்த நோட்டுல இத்தினி நாளா என் வார்த்தைக்கு ஒரே ஒரு வரி தான் இருந்துச்சின்னு. ஆமான்னேன். எழுதிக்கினாங்க, டேப்பைச் சுருட்டினாங்க. கல்லைக் கேக்கற மாதிரி மூணாவது வாட்டியும் என்னைக் கேட்டாங்க. கையை நீட்டிக்கினே, அதே பதிலைச் சொன்னேன்.